மூத்த மகனுக்கு ஐந்து ஷில்லிங்தானா? பென்சில்வேனியா ஜெர்மன் குடும்பத்து உயில் பற்றி ஒரு கேள்வி

பெர்க்ஸ் மருமகள் எழுதியது:

வணக்கம். வம்சாவளி தேடும் ஆட்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். என் கணவர் வீட்டார் பென்சில்வேனியா ஜெர்மானியர்கள். முன்னோர் 1730களில் தென்மேற்கு ஜெர்மனியின் பலாட்டினேட்டிலிருந்து ரைன் நதி வழியே ராட்டர்டாம் போய், கப்பலேறி, பிலடெல்பியாவில் இறங்கி, டுல்பெஹாக்கன் பள்ளத்தாக்கில் நிலம் வாங்கியவர். குடும்பப் பெயரைப் போடவில்லை, மன்னிக்கவும். பெரியவர்கள் இருக்கிறார்கள்.

மாமியார் ஒரு தட்டச்சுப் பிரதி கொடுத்தார். 1767இல் எழுதிய உயில். மூலம் ஜெர்மனில் இருந்ததாம். என் கையில் இருப்பது ஆங்கில மொழிபெயர்ப்பு. மூத்த மகனுக்கு "தலைப்பிள்ளை உரிமைக்காக" ஐந்து ஷில்லிங். அவ்வளவுதான். பண்ணை மூன்றாவது மகனுக்கு. அப்பா பேச்சை மீறிக் கல்யாணம் செய்ததால் மூத்தவரைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று வீட்டில் இன்றைக்கும் ஒரு கதை ஓடுகிறது.

மனைவிக்குப் பெயரே இல்லை, "என் அன்பு மனைவி" மட்டும். ஆனால் அவருக்கு வருடா வருடம் என்னென்ன அளந்து கொடுக்க வேண்டும் என்று அரைப் பக்கம். மகள்கள் "மற்றப் பிள்ளைகள்" என்பதோடு சரி.

மூத்தவரை உண்மையிலேயே ஒதுக்கிவிட்டார்களா? அந்த அம்மாவின் பெயரை எங்கே தேடுவது?

ஓலைப்பெட்டி எழுதியது:

உயிலை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள் அம்மா. இந்தக் குடும்பங்கள் விட்டுப்போன காகிதக் கட்டில் ஆகக் குறைவாகப் பேசுவது உயில்தான். சாகக் கிடப்பவர் சொல்லச் சொல்ல ஊர்ப் பள்ளி ஆசிரியரோ பக்கத்துத் தோட்டக்காரரோ எழுதியது அது. உண்மையில் யாருக்கு என்ன போனது என்பதை அதற்குப் பின்னால் வந்த காகிதங்கள்தான் சொல்லும்.

ஆள் இறந்ததும் சாட்சிகள் இருவர் மாவட்டத் தலைநகருக்குப் போய் உயில் பதிவாளர் முன்னால் சத்தியம் செய்வார்கள். (மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சத்தியம் செய்ய மாட்டார்கள், உறுதிமொழி மட்டும். குடும்பம் எந்தச் சபை என்று தெரியாவிட்டால் இதுவே ஒரு துப்பு.) ஜெர்மன் உயில் என்றால் ஆங்கிலத்தில் பெயர்த்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள், மூலம் தனி உறையில் கிடக்கும். பிறகு அக்கம்பக்கத்தார் இருவர் வீட்டுக்கு வந்து இறந்தவர் உடுத்திய துணியிலிருந்து தொடங்கி, குதிரை, சேணம், மாடு, கலப்பை, பஞ்சணை, பானை சட்டி, களத்தில் கிடக்கும் தானியம் வரை எழுதி விலை போடுவார்கள். அதுதான் சொத்துப் பட்டியல். அப்புறம் ஏலம், ஏலத்தில் யார் எதை எடுத்தார் என்ற பட்டியல், உயிலை நிறைவேற்றியவர் காட்டும் வரவு செலவுக் கணக்கு. மைனர் பிள்ளைகள் இருந்தால் ஆர்ஃபன்ஸ் கோர்ட் மனுக்கள். தகப்பன் இல்லாத மைனர் எல்லோரும் அந்தக் கோர்ட்டின் கீழ் வருவார்கள், தாய் உயிரோடு இருந்தாலும்.

மூத்த மகன் விஷயத்துக்கு வருகிறேன். உயில் இல்லாமல் இறந்தால் பென்சில்வேனியாவின் 1705ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியைப் பிள்ளைகள் பிரிக்கும்போது மூத்த மகனுக்கு மட்டும் இரட்டைப் பங்கு. 1794இல்தான் அது ஒழிந்தது. உயில் எழுதுபவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இருந்தாலும் நாளைக்கு மூத்தவன் "எனக்கு இரண்டு பங்கு" என்று கிளம்பிவிடக் கூடாதே என்று, தலைப்பிள்ளை உரிமைக்கு ஒரு சின்னத் தொகையை எழுதி அந்தக் கதவை அடைப்பது ஜெர்மானியர்களிடம் சர்வ சாதாரணம். அதற்குக் கீழே "மற்றவர்களோடு சமபங்கு" என்று வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால், தன் பங்கை முன்கூட்டியே வாங்கிவிட்டாரா என்று நிலப் பத்திரங்களைப் பாருங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

ஐயா சொல்வது சரி, ஆனால் எல்லா ஐந்து ஷில்லிங்கையும் பாசக் கணக்கில் சேர்த்துவிட முடியாது. "உன்னை மறக்கவில்லை, தெரிந்தேதான் கொடுக்காமல் விடுகிறேன்" என்று காட்டவும் இதே தொகையை எழுதினார்கள். பின்னால் யாரும் "அப்பா மறந்துவிட்டார்" என்று வழக்குப் போட முடியாதல்லவா.

இன்னொன்று, டுல்பெஹாக்கனில் லூத்தரன்கள், மொரேவியர்கள் என்ற இரண்டு புராட்டஸ்டண்ட் சபையாருக்கும் நடந்த சண்டை சாதாரணமானது அல்ல. 1740களில் தேவாலயமே யாருக்கு என்று அடித்துக்கொண்டார்கள். லூத்தரன் வீட்டுப் பையன் மொரேவியப் பெண்ணைக் கட்டியிருந்தால் அப்பாவுக்குக் கோபம் வந்திருக்கத்தான் செய்யும். வீட்டுக் கதையை ஒரேயடியாகத் தூக்கிப் போட வேண்டாம்.

யாரை நிறைவேற்றுபவராகப் போட்டிருக்கிறார் என்று சொல்லுங்கள் முதலில்.

பெர்க்ஸ் மருமகள் எழுதியது:

அந்த இடமே தட்டச்சில் இல்லை. மனைவிக்குரிய பகுதி, பண்ணை, "மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக" என்பது வரை வந்து புள்ளிகள் வைத்து முடித்துவிட்டார்கள். மூத்தவருக்கு அந்த ஐந்து ஷில்லிங்குக்கு மேல் எதுவும் இல்லை.

ஓலைப்பெட்டி எழுதியது:

அப்படியானால் மூலத்தைப் பார்த்தே ஆக வேண்டும். தட்டச்சு செய்தவர்களுக்கு நிறைவேற்றுபவர், சாட்சி எல்லாம் சட்டச் சடங்காகத் தெரிந்திருக்கும். நமக்கு அதுதான் முக்கியம்.

தேடும் இடம்: 1767 என்பதால் பெர்க்ஸ் மாவட்டத் தலைநகரான ரெடிங். அந்த மாவட்டம் பிறந்ததே 1752இல். அதே பண்ணையில் அதே வீட்டில் 1748இல் ஒருவர் இறந்திருந்தால் காகிதம் லங்காஸ்டரில் இருக்கும். லங்காஸ்டர் 1729இல் செஸ்டரிலிருந்து பிரிந்தது. ஆள் இடம் மாறாமலே மாவட்டம் மாறிவிடும். பாதிப் பேர் தேடல் இங்கேதான் முட்டி நிற்கிறது.

ஃபேமிலிசர்ச் தளத்தில் பென்சில்வேனியா உயில் ஆவணங்கள் 1683இலிருந்து இருக்கின்றன, கணக்கு இலவசம். சில படங்களை மட்டும் அவர்களுடைய மையங்களுக்குப் போய்த்தான் பார்க்க முடியும். கையெழுத்தைக் கணினியே படித்துத் தேடும் வசதி வந்துவிட்டது. பெயரட்டவணையில் இல்லாத சாட்சி, கடன்காரர் எல்லாம் அதில் மாட்டுவார்கள். குடும்பப் பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் போடுங்கள். ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். ஷ்னைடர் ஸ்னைடராகியிருப்பார், ஸிம்மர்மான் கார்ப்பென்டராகவே ஆகியிருப்பார்.

உறைக்குள் ஜெர்மன் மூலம் கிடைத்தால் அது குரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து. இன்றைய ஜெர்மானியர்களுக்கே தடுமாறும். டிரான்ஸ்கிரிபஸ் என்ற மென்பொருள் ஓரளவு படித்துக் கொடுக்கும்.

நெய்வேலிக்காரி எழுதியது:

எனக்கு இந்த வம்சாவளி எல்லாம் தெரியாது. அந்த அம்மாவுக்கு எழுதிய அரைப் பக்கத்தைப் போடுங்களேன் அக்கா, படிக்க ஆசையாக இருக்கிறது.

பெர்க்ஸ் மருமகள் எழுதியது:

சுருக்கித் தருகிறேன். வருடத்துக்கு 12 புஷல் (தானியம் அளக்கும் அளவு) கோதுமை, 6 புஷல் ரை, ஆலைக்குக் கொண்டுபோய் அரைத்துக் கொண்டுவர வேண்டும். 100 பவுண்டு பன்றி இறைச்சி, 50 பவுண்டு மாட்டிறைச்சி. சிக்கெடுத்த ஆளி நார் 12 பவுண்டு, கம்பளி 4 பவுண்டு. உப்பு அரை புஷல். ஒரு பசு, மகன் தன் மாட்டுக்குப் போடும் தீவனத்தையே அதற்கும் போட வேண்டும். தோட்டத்தில் கால் பங்கு, அவரே தேர்ந்தெடுக்கும் நான்கு ஆப்பிள் மரங்கள். இரும்பு அடுப்பு உள்ள சின்ன அறை. விறகு வெட்டி வாசலில் கொண்டுவந்து போட வேண்டும். ரொட்டி அடுப்பையும் கிணற்றையும் யாரும் தடுக்காமல் பயன்படுத்தும் உரிமை. அவருடைய கட்டில், பஞ்சணை, ராட்டினம், பெரிய பைபிள்.

கடைசி வரி: இதெல்லாம் அவர் என் விதவையாக இருக்கும் வரை. மறுமணம் செய்தால் கட்டிலும் ராட்டினமும் மட்டும்.

நெய்வேலிக்காரி எழுதியது:

இது கொடுமை இல்லையா? வாழ்நாள் முழுக்க அந்தப் பண்ணையில் உழைத்தவருக்கு மகன் வீட்டில் ஓர் அறையும் படியளப்பும். அதுவும் செத்தவர் பேச்சைக் கேட்டு மறுமணம் செய்யாமல் இருந்தால் மட்டும். பசுவுக்கு என்ன தீவனம் என்று யோசித்தவருக்கு மனைவி பெயரை எழுதத் தோன்றவில்லை!

ஓலைப்பெட்டி எழுதியது:

கோபம் நியாயம்தான். ஆனால் இவ்வளவு நுணுக்கமாக எழுதியதே மகனை நம்பாததால்தான். "தாயை நன்றாகக் கவனித்துக்கொள்" என்று மட்டும் எழுதினால் கோர்ட்டில் அதற்கு என்ன மதிப்பு? 12 புஷல் என்று எழுதினால் பத்துக் கொடுத்தபோது வழக்குப் போடலாம். பசுவின் தீவனம் வரை எழுதுவதற்குக் காரணம், ஊரில் எங்கோ ஒரு மருமகள் மாமியார் பசுவுக்கு வைக்கோலை மட்டும் போட்டிருப்பாள். தென்மேற்கு ஜெர்மனியில் முதியவர் பண்ணையை வாரிசிடம் ஒப்படைக்கும்போது தனக்கென்று அறை, தானியம், விறகு ஒதுக்கி எழுதி வாங்கிக்கொள்வது பழைய வழக்கம். அதைத்தான் கப்பலில் கொண்டுவந்தார்கள்.

மறுமண நிபந்தனையை அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். திருமணமான பெண்ணின் அசையும் பொருள் கணவனுக்கே சொந்தம். அவள் நிலத்தை நிர்வகிப்பதும் அவன்தான். விதவை மறுமணம் செய்தால் வரப்போகும் அந்நிய ஆள் இந்தப் பிள்ளைகளின் சொத்தில் கை வைப்பான் என்ற பயம். அதனால்தான் அந்தக் காலத்துப் பெண்கள் உயில்களைத் தேடினால் பெரும்பாலும் விதவைகளும் மணமாகாதவர்களுமே கிடைக்கிறார்கள்.

விதவைக்கு இன்னொரு வழியும் இருந்தது. உயிலை ஏற்க மாட்டேன், சட்டப்படி என் மூன்றில் ஒரு பங்கைக் கொடு என்று கேட்கலாம். கேட்டாரா என்பது கோப்பில்தான் தெரியும்.

நெய்வேலிக்காரி எழுதியது:

பாதுகாப்பு சரி. பெயர்?

ஓலைப்பெட்டி எழுதியது:

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தரங்கம்பாடி எழுதியது:

இழையைக் கொஞ்சம் திசைதிருப்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டுல்பெஹாக்கன் என்றதும் எனக்கு கான்ராட் வைசர்தான் நினைவுக்கு வருவார். இரோகுவாய் பூர்வகுடி மக்களோடு காலனி நடத்திய பேச்சுவார்த்தைகளில் மொழிபெயர்ப்பாளர். 1729இல் அங்கே குடியேறியவர். அவருடைய மகளை 1745இல் மணந்தவர் போதகர் ஹென்றி மெல்ஷியோர் மூலன்பெர்க். 1742இல் அவரைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனம். 1706இல் எங்கள் ஊரில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். தரங்கம்பாடி மிஷனுக்கும் அந்த நிறுவனம்தான் முதுகெலும்பு. அங்கே உள்ள ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன, பென்சில்வேனியாப் போதகர்களின் கடிதங்களும் இருக்கின்றன. அக்காவின் குடும்பம் லூத்தரன் என்றால் அந்தக் கடிதங்களையும் ஒரு கண் பார்க்கலாம்.

பெர்க்ஸ் மருமகள் எழுதியது:

லூத்தரன்தான். தகவலுக்கு நன்றி, இது எனக்குப் புதிது!

கோப்பு கிடைத்துவிட்டது. கிடைத்ததை எழுதுகிறேன்.

நிறைவேற்றுபவர்கள் இருவர். ஒருவர் பக்கத்து நிலத்துக்காரர். இன்னொருவர் அந்த மூத்த மகனேதான்!

சொத்துப் பட்டியலில் இரும்பு அடுப்பு, சாராயம் காய்ச்சும் கலம், முட்டைக்கோஸ் சீவும் கத்தி, நான்கு குதிரைகள், வண்டி, ஜெர்மன் புத்தகங்கள் "ஒரு குவியல்" என்று போகிறது. அதற்குப் பிறகு பெரிய தொகையாகக் கடன் பத்திரங்கள். ஆறு பத்திரங்களில் கடன்பட்டவர் மூத்த மகன், ஒவ்வொன்றும் 20 பவுண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வருடம் தள்ளித் தவணை. இது என்ன கணக்கு? பட்டியலில் நிலமே இல்லையே, அதையும் சொல்லுங்கள்.

ஓலைப்பெட்டி எழுதியது:

அருமை. நிலம் அந்தப் பட்டியலில் பொதுவாக வராது, அசையும் பொருள் மட்டும்தான். ஏழை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆறு பத்திரங்களுக்கு வருவோம். அப்பா மூத்தவருக்கு ஏற்கெனவே நிலம் விற்றிருப்பார், தவணைக்கு. ஒவ்வொரு வருடத் தவணைக்கும் தனித்தனிப் பத்திரம் எழுதி வாங்குவதுதான் அவர்கள் முறை. 1767க்கு முந்தைய பத்து வருட நிலப் பத்திரங்களை ரெடிங்கில் பாருங்கள். வூர்ட்டம்பெர்க் மாதிரி இடங்களில் நிலத்தையே பிள்ளைகளுக்குச் சமமாகத் துண்டு போடுவார்கள். நாலு தலைமுறையில் ஒருவருக்கும் சோறு போடாத கீற்றுகளாகிவிடும். கப்பலேறியதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே வந்ததும் நிலத்தைத் துண்டாக்காமல் ஒருவனுக்கு முழுதாகக் கொடுத்து, அவன் மற்றவர்களுக்கு வருடா வருடம் பணம் கட்டட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள்.

பவுண்டு என்பது பென்சில்வேனியா பவுண்டு, லண்டன் பவுண்டு இல்லை. ஒரு ஸ்பானிய வெள்ளி டாலர் இங்கே 7 ஷில்லிங் 6 பென்ஸ், லண்டனில் 4 ஷில்லிங் 6 பென்ஸ். உங்கள் மூத்தவரின் ஐந்து ஷில்லிங் டாலரில் மூன்றில் இரண்டு பங்கு.

காவிரிக்கரை எழுதியது:

நிறைவேற்றுபவர் என்றால் தள்ளிவைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 120 பவுண்டு பாக்கியை அப்பா உயிலில் தள்ளுபடி செய்யவில்லை பாருங்கள். பண்ணை வாங்கிய தம்பிக்கு என்ன விலை வைத்தார்? அதைச் சொன்னால்தான் அப்பா யார் பக்கம் என்று தெரியும்.

பெர்க்ஸ் மருமகள் எழுதியது:

தம்பியும் கட்ட வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு 300 பவுண்டு, பத்து வருடத்தில். அதோடு அம்மாவின் படியளப்பு முழுதும் அவர் தலையில்.

1761இல் ஒரு பத்திரம் கிடைத்தது: 140 ஏக்கர், மூத்தவருக்கு, 240 பவுண்டுக்கு. பாதி கட்டி முடித்திருக்கிறார்.

ஏலப் பட்டியலும் உண்டு. அதில் "விதவை" என்ற பெயரில் சிலவற்றை வாங்கியிருக்கிறார்: இரண்டு தகரத் தட்டு, ஒரு செம்புக் கெண்டி, ஒரு பசு. தன் வீட்டுச் சாமானையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்! செலவுக் கணக்கில் சவப்பெட்டி, ஏலம் கூவியவர் கூலி, உயில் எழுதிய பள்ளி ஆசிரியருக்குக் கொடுத்தது, ஏலத்துக்கு வந்தவர்களுக்கு ரம்.

நெய்வேலிக்காரி எழுதியது:

ரம்முக்குக் கணக்கு இருக்கிறது, அம்மாவுக்குப் பெயர் இல்லை. நான் விடமாட்டேன்.

ஓலைப்பெட்டி எழுதியது:

விடாதீர்கள். (குடித்தவன் விலையைக் கூட்டிக் கேட்பான், ஏலத்தில் ரம் ஒரு முதலீடு.)

விதவை தன் பொருளை ஏலத்தில் எடுப்பது எல்லாக் கோப்பிலும் வரும். உயிலில் தனியாக எழுதாத எல்லாமே ஏலத்துக்குப் போகும், ரொக்கமாக்கினால்தான் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்க முடியும். ஏலத்தில் எடுத்ததற்கான காசு பெரும்பாலும் பின்னால் கணக்கில் கழிந்துவிடும்.

பெயருக்கு ஆர்ஃபன்ஸ் கோர்ட் பதிவேட்டைப் பாருங்கள். 14 வயது நிரம்பிய மைனர் தன் கார்டியனைத் தானே தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் கீழே என்றால் தாயோ உறவினரோ மனுப் போட வேண்டும்.

புதுவைத் தமிழன் எழுதியது:

ஒரு சந்தேகம். இவர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் இல்லையே, நிலத்தை எப்படி வாரிசுக்கு எழுதினார்கள்?

காவிரிக்கரை எழுதியது:

நல்ல கேள்வி. அந்நியர் இறந்தால் அவர் நிலம் பிள்ளைகளுக்குப் போகாமல் காலனி உரிமையாளரான பென் குடும்பத்திடமே திரும்பலாம் என்ற பயம் அவர்களுக்கே இருந்தது. அதனால் குடியுரிமைக்கு மனு மேல் மனு. 1729இல் லங்காஸ்டர் ஜெர்மானியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தனிச் சட்டம் போட்டே கொடுத்தார்கள். 1740இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டம் வந்தது: ஏழு வருடம் காலனியில் வசித்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 1727இலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மன் ஆண்கள் மன்னருக்கு விசுவாச உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததே, அது வேறு, அதனால் குடியுரிமை வராது. ஆனால் உயிலில் உள்ள கையெழுத்தையும் அந்தக் கப்பல் பட்டியலில் உள்ள கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே பெயரில் உள்ள மூன்று யோஹான்களில் உங்கள் ஆள் யார் என்று பிடித்துவிடலாம்.

தரங்கம்பாடி எழுதியது:

ஜெர்மனிப் பக்கத்திலும் காகிதம் இருக்கும். அங்கே தாத்தா இறந்தால் "இன்ன பிள்ளை பென்சில்வேனியாவில்" என்று குறித்து அவர் பங்கைத் தனியாக வைப்பார்கள். சில பதிவுகளில் பென்சில்வேனியாத் தீவு என்றே எழுதியிருப்பார்கள்! பணத்தை வெளியே எடுத்துப் போகப் பத்தில் ஒரு பங்கு வரி கட்ட வேண்டும். பண்ணையடிமை நிலையிலிருந்து விடுதலை வாங்காமல் ஓடிவந்தவர் என்றால் மொத்தப் பங்கும் பறிமுதல். அமெரிக்காவிலிருந்து அதிகாரப் பத்திரம் எழுதி, ஊருக்குப் போகும் ஆளிடம் கொடுத்து அனுப்புவார்கள். அவர்களில் சிலர் பணத்தோடு மறைந்தும் போனார்கள். பலாட்டினேட்டுக்கு ஷ்பையர், கார்ல்ஸ்ரூ காப்பகங்களைப் பாருங்கள்.

பெர்க்ஸ் மருமகள் எழுதியது:

பெயர் கிடைத்துவிட்டது! 1769ஆம் ஆண்டு மனு. 14 வயது தாண்டிய மகள் ஒருத்தி கார்டியன் கேட்டிருக்கிறாள். அதில் தாயின் பெயர், "இப்போது இன்னாரின் மனைவி" என்று. மறுமணம் செய்திருக்கிறார். அப்படியானால் உயில்படி கோதுமை, பசு, அறை எல்லாம் போயிற்று. மகள் கேட்ட கார்டியன் யார் தெரியுமா? மூத்த அண்ணன்.

வீட்டில் சொன்னேன். மாமியார் நம்பவில்லை; கல்யாணச் சண்டை உண்மைதான் என்கிறார்.

நெய்வேலிக்காரி எழுதியது:

கட்டிலையும் ராட்டினத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்! பெயரை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் அக்கா.

காவிரிக்கரை எழுதியது:

சண்டை நடந்திருக்கலாம், சமாதானமும் ஆகியிருக்கலாம். சொத்துக் காகிதம் அதைச் சொல்லாது. மூத்தவரின் மனைவி எந்தச் சபை என்று தேவாலயப் பதிவேட்டில் பாருங்கள்.

ஓலைப்பெட்டி எழுதியது:

இன்னும் இரண்டு இடம் பாக்கி. ஒன்று, அந்த இரண்டாம் கணவரின் கோப்பு. அவர் முன்னால் இறந்திருந்தால் அதில் இந்த அம்மா மறுபடி விதவையாக வருவார். கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம் ஏதாவது எழுதியிருந்தால் அதுவும் அங்கேதான்.

இரண்டு, தம்பி 300 பவுண்டைக் கட்டி முடிக்கும் வருடங்களில் ரெடிங் நிலப் பத்திரப் பதிவேடு. பங்கு கைக்கு வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் "எனக்குரியது வந்துவிட்டது, இனி உரிமை கோர மாட்டேன்" என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். மகள்கள் என்றால் கணவரும் சேர்ந்து கையெழுத்திடுவார், ஊர் பெயரோடு. உயிலில் "மற்றப் பிள்ளைகள்" என்று போனவர்கள் அத்தனை பேரும் அதில் வரிசையாக வருவார்கள். 1768இலிருந்து 1780 வரை தம்பியின் பெயரை வாங்குபவர் பக்கத்துப் பெயரட்டவணையில் தேடுங்கள், விற்பவர் பக்கத்தில் தேடினால் கிடைக்காது.